மார்செய் துறைமுகத்தில் இறங்குபவர்கள் இஃப் கோட்டையைப் பார்ப்பது எப்படி?

பிரான்சின் மார்செய் நகரில் உல்லாசக் கப்பலிலிருந்து ஒரு பகல் பொழுதுக்கு மட்டும் இறங்குபவர்கள், கடலுக்குள் நிற்கும் இஃப் கோட்டைக்குப் போக விரும்பினால், முதலில் பார்க்க வேண்டியது அன்றைய காற்றைத்தான். வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்று வலுத்துவிட்டால், வானம் பளிச்சென்று தெளிந்திருக்கும் நாளிலும் அந்தச் சிறு பாறைத்தீவில் படகை அணைக்க முடியாமல் போய்விடும். ஆகையால் காலையிலேயே படகுச் சேவை உண்டா என்று உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே பயணச்சீட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது தொலைவு. பெரிய கப்பல்கள் நிற்கும் முனையம் நகரின் வடபுறத்தில் இருக்கிறது. கோட்டைப் படகுகளோ நகரின் நடுவிலுள்ள பழைய துறைமுகத்திலிருந்து புறப்படுகின்றன. இடையிலுள்ள சில கிலோமீட்டரை நடந்து கடக்க நினைக்காமல், இணைப்புப் பேருந்திலோ டாக்சியிலோ வந்துவிடுங்கள். படகுப் பயணம் ஏறத்தாழ 20 நிமிடம். படகுக் கட்டணம் வேறு, கோட்டைக்கான நுழைவுக் கட்டணம் வேறு என்பதையும், குளிர்காலத்தில் திங்கட்கிழமைகளில் கோட்டை மூடப்படுவது வழக்கம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மன்னர் முதலாம் பிரான்சுவாவின் ஆணைப்படி 1524 முதல் 1531 வரை கட்டப்பட்ட இந்தக் கோட்டை, மூன்று கோபுரங்கள் கொண்ட சதுர வடிவக் கட்டடம். துறைமுகத்தைக் காக்க எழுப்பப்பட்டாலும், பெயர் பெற்றது சிறைச்சாலையாகத்தான். உள்ளே நுழைந்ததும் கிணறு உள்ள முற்றத்தில் சற்று நின்று, கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கீழே வெளிச்சம் எட்டாத இருட்டறைகள். மேலே, பணம் கட்ட வசதியுள்ள கைதிகளுக்கு ஜன்னலும் கணப்படுப்பும் வைத்த அறைகள். மதத்தின் பெயரால் பிடிபட்ட புராட்டஸ்டண்டுகள் பெருந்தொகையாக இங்கே அடைக்கப்பட்டார்கள் என்பது, என் கருத்தில், இங்கே சொல்லப்படும் எந்தக் கற்பனைக் கதையையும்விடக் கனமான செய்தி.

ஆனாலும் கூட்டம் தேடி வருவது கதையைத்தான். அலெக்சாந்தர் தூமா எழுதிய 'மான்டி கிறிஸ்டோ கோமகன்' நாவலின் நாயகன் எட்மண்ட் தாந்தே அடைபட்டிருந்ததாகச் சொல்லி ஓர் அறையைக் காட்டுகிறார்கள். கதையில் வருவதுபோலவே சுவரில் துளைகூடப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவனுக்குத் துணையாக வரும் பாதிரியார் ஃபாரியாவின் பெயர் மட்டும் வெறும் கற்பனையன்று: அந்தப் பெயருக்குரியவர், கோவாவில் 1756இல் பிறந்து பாரிசில் மனவசிய ஆய்வுக்குப் பெயர்பெற்ற பாதிரியார். இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குப் பரிசளித்த காண்டாமிருகம், போப்பாண்டவருக்கு அனுப்பப்பட்ட வழியில், 1516இல் இந்தத் தீவில் இறக்கப்பட்டபோது பிரான்சுவா மன்னரே வந்து பார்த்தார்.

மேல்தளத்திலிருந்து மார்செய் நகரமும் குன்றின் மீதுள்ள நோத்ருதாம் தேவாலயமும் நன்றாகத் தெரியும். நிழல் குறைவு, படிகள் செங்குத்து. தொப்பியும் தண்ணீரும் வழுக்காத காலணியும் அவசியம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இந்த இடம் ஏற்றதல்ல. கோட்டைக்குள் ஒரு மணி நேரம் போதும். திரும்பும்போது, உங்கள் கப்பல் புறப்படும் நேரத்தைக் கணக்கிட்டு, கடைசியாக ஏற வேண்டிய படகுக்கு ஒரு படகு முந்தியே ஏறிவிடுங்கள். காற்று மாறினால் வரிசை நீண்டுவிடும்.