பாஸ்போட் மாறினால் ஆள் மாறுமா? குடியுரிமை விஷயத்தில் நாம் விடும் பிழைகள்

"பேத்திக்கு சுவிஸ் பாஸ்போட் கிடைச்சிட்டாம். மறுகா அவள் நம்மட ஆளில்லையோ மகன்?" மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெத்தா (பாட்டி) கேட்ட கேள்வி இது. சட்டத்தைப் பார்த்தால் அவ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, மனதைப் பார்த்தால் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன.

முதலில் சட்டம். "பழைய பாஸ்போட்டும் ஐடென்டிகாட்டும் அலுமாரிக்குள்ள கிடக்கு, அப்ப நான் இலங்கைக் குடிமகன்தானே" என்று நினைப்பது பெரிய பிழை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகிறது. 1987 திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்கு வழி விட்டது. ஆனால் அதை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும், தானாக வராது. போய்ச் சேர்ந்த நாடும் அனுமதிக்க வேண்டும். சுவிஸ் 1992 முதல் அனுமதிக்கிறது. நோர்வே 2020இலும் ஜேர்மனி 2024 ஜூனிலும்தான் கதவைத் திறந்துவிட்டன. ஆகவே "ஏலாதெண்டு மச்சான் அப்பவே சொன்னவன்" என்று பத்து வருடப் பழங்கதையை நம்பிச் சும்மா இருக்கவும் கூடாது.

இது வெறும் கடதாசி விஷயமில்லை. மட்டக்களப்பில் வீடு வளவு மகளுக்குத்தான். சீதனமாக எழுதிக் கொடுக்கும் நேரத்தில் அந்த மகள் வெளிநாட்டுக் குடிமகளாகியிருந்தால், 2014இன் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் குறுக்கே வருமா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை அது தடுக்கிறது. வாரிசுக்குப் பரம்பரையாகவோ நன்கொடையாகவோ போகும் சொத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. காணி உறுதி முடிக்கப் போன இடத்தில் நொத்தாரிசு கேட்ட பிறகு முழிப்பதைவிட, ஒரு சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சத்தியப்பிரமாணம். கனடாவில் குடியுரிமை பெறும்போது மன்னர் மூன்றாம் சார்ள்ஸுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் பிள்ளை கைவிட்டுப் போயிற்று என்று இங்கே சிலர் மூக்கைச் சிந்துவார்கள். அந்தப் பிரமாணம் தமிழை மறக்கச் சொல்லவில்லை. நாட்டின் சட்டத்தை மதிக்கச் சொல்கிறது. 2021 முதல் அங்கே காலங்காலமாக வாழும் பூர்வகுடிகளின் உரிமையையும் அதே வாயால் சொல்ல வைக்கிறது.

1990இல் நோர்மன் டெபிட் என்ற பிரித்தானிய அரசியல்வாதி, குடியேறிகள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் விசுவாசம் தெரிந்துவிடும் என்றார். நமக்குக் கோபம் வருகிறது, சரி. ஆனால் மாமாங்கத் திருவிழாவுக்கு வந்து நிற்கும் பிள்ளையிடம் "நீ எந்த நாடு, சொல்லு பாப்பம்" என்று நாமும் அதே சோதனையைத்தான் வைக்கிறோம். அது பாவம், ஐஸ்கிறீமைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்க்கும்.

கலந்தால் கரைந்துவிடுவோம் என்ற பயத்துக்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் சந்தையில் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். முதியவர்கள் சிலரின் வாயில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி இன்னும் இருக்கிறது, கல்யாண வீட்டில் கப்ரிஞ்ஞா ஆட்டமும் உண்டு. போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது 1638இல். இத்தனை காலத்துக்குப் பிறகு யாரும் பறங்கியரிடம் போய் லிஸ்பனுக்கு விசுவாசமா என்று கேட்பதில்லை.

ஆனால் வேறு சிலரிடம் கேட்கிறோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் நம் வாயில் "தோட்டத்து ஆக்கள்"தான். அவர்களின் முன்னோரை லட்சக்கணக்கில் நாடற்றவர்களாக்கியது மேலே சொன்ன அதே 1948 சட்டம். பேத்தியைப் பற்றிக் கவலைப்பட்ட பெத்தாவின் பக்கத்து வளவிலும் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. அங்குள்ள பெடியன் பிறந்தது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில். அவனை அவ கூப்பிடுவது "தோட்டத்துப் பெடியன்" என்றுதான்.