மழுங்கின கொடுவாளுக்கு வாய் எடுத்து தோய்ச்சல் போடுறது எப்படி

போச்சம்பள்ளி சந்தையில கொடுவா வாங்கிட்டு வந்து ஒரு வருசத்துல வாய் மழுங்கிடுச்சுன்னு பழைய இரும்புக்கு போடுறவங்கள பாத்தா மனசு கேக்கல. நம்ம கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில கெடச்ச இரும்புக்கு கி.மு. 2172ன்னு காலக்கணிப்பு வந்து 2022ல சட்டசபையிலயே சொன்னாங்க, அந்த மண்ணுல இருந்துக்கிட்டு ஒரு கொடுவாள மறுபடி அடிச்சு எடுக்க தெரியாம போறது வருத்தமா இருக்குங்க.

மொதல்ல கொடுவா லாரி பட்டையில, அதாவது லாரிக்கு அடியில இருக்குற ஸ்பிரிங் பட்டையில அடிச்சதான்னு கேட்டுக்கங்க, வெறும் தகட்டு இரும்புன்னா தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கி வாய கெட்டியாக்குறது, ஏறவே ஏறாது. பட்டறை நெழல்லதான் இருக்கணும், வெயில்ல சூட்டோட நெறம் தெரியாது. நைலான் துணி வேணாம், பொறி பட்டா தோலோட ஒட்டிக்கும்.

உலையில கரி போட்டு துருத்தியோ புளோயரோ நிதானமா ஊதுங்க. பப்பாளிப்பழ நெறம் வந்ததும் குறட்டுல புடிச்சு பட்டறைக்கல்லுல வச்சு வாய ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிங்க, செவப்பு மங்கினா நிறுத்திட்டு மறுபடி உலையில வைங்க, கறுத்தப்புறம் அடிச்சா விரிசல் விடும். வெள்ளையா போயி மத்தாப்பு மாதிரி பொறி பறந்தா இரும்பு வெந்துடுச்சுன்னு அர்த்தம், அந்த எடத்த வெட்டித்தான் போடணும். அடிச்சு முடிச்சா சாம்பல்ல பொதைச்சு ஆறவிட்டு அரத்துல வாய் எடுங்க.

இனிமேதான் உசுரான வேலை. மறுபடி காய்ச்சுங்க, காந்தம் ஒட்டாம போகும்ல, அதுக்கு ஒரு துளி மேல, பழுத்த மொளகா செவப்பு, அதான் கணக்கு. வாய் மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு எண்ணெய்ல முக்குங்க, தண்ணியில போட்டா லாரி பட்டை வெடிக்க வாய்ப்பிருக்கு, எண்ணெய் பத்திக்கும்ங்கிறதால மூடி பக்கத்துலயே இருக்கணும். வாய் கறுத்ததும் வெளிய எடுத்து சாணைக்கல்லு துண்டால சட்டுனு தேச்சு பளபளப்பாக்கிட்டு கண்ண எடுக்காம பாருங்க, முதுகுல இருக்குற சூடு மெதுவா வாய்க்கு எறங்கும், மொதல்ல வைக்கோல் நெறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ, கடைசியா நீலம். புல்லு அறுக்குறதுக்கு வைக்கோல் நெறம் வந்ததுமே மறுபடி எண்ணெய்ல முக்கி அணைச்சிடுங்க, கட்டை வெட்டுற கொடுவாளுக்கு கத்திரிப்பூ வர்றவரைக்கும் பொறுங்க, நீலம் வந்தா வாய் மெத்துன்னு போயிடும்.

மறுநாள் ஒரு காஞ்ச வேலிக்கட்டையில போட்டு பாருங்க. வாய் மடங்குனா தோய்ச்சல் பத்தல, பல்லு பல்லா தெறிச்சா அவசரப்பட்டு அணைச்சிருக்கீங்க, ரெண்டுக்கும் மறுபடி உலைதான்.