வாவல்னு வாங்கினது வாவல்தானா? போனை வைத்து மீனை அடையாளம் காணும் முறை

போன மாதம் பவானிசாகர் போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டோரக் கடையில் ஒரு மீன் வாங்கினேன். தட்டையான உடம்பு, வெள்ளி நிறம், அடிவயிறு மட்டும் லேசாகச் சிவப்பு. "ஏனுங்ண்ணா, இது என்ன மீனுங்க?" என்றதற்கு "வாவலுங்க, டேம் வாவல்" என்றார் கடைக்காரர். வீட்டில் அமுச்சி கழுவ எடுத்தவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு, மனுசப் பல்லாட்ட இருக்குது?" என்றார்.

போனை எடுத்துக் கூகுள் லென்ஸில் காட்டினேன். அதுவும் வாவல் என்றே சொன்னது! அங்கேதான் இந்தப் பதிவு ஆரம்பம்.

முதலில் படம்

பாதிப் பிழை படத்திலேயே நடந்துவிடுகிறது. பையில் சுருண்டு கிடக்கும் மீனையோ, துடுப்பை விரல் மறைக்கப் பிடித்திருக்கும் மீனையோ எந்தச் செயலியாலும் சரியாகச் சொல்ல முடியாது. செதில் உரிப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். வெள்ளைத் தட்டிலோ வாழை இலையிலோ மீனைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், தலை இடப்பக்கம் இருக்கட்டும். முதுகு, வால், வயிற்றடித் துடுப்புகளை ஈர்க்குச்சியால் விரித்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் அளவு தெரியும். பிளாஷ் வேண்டாம், செதில் பளபளத்து நிறமே மாறிவிடும். வாசல் வெளிச்சம் போதும்.

முழு மீன் ஒன்று, வாய் கிட்டத்தில் ஒன்று, வால் கிட்டத்தில் ஒன்று என்று மூன்று படமாவது எடுங்கள். மீசை இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. குளத்தில் பிடித்த தேளி உயிரோடு இருந்தால் கையால் தூக்க வேண்டாம். அதன் பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, கை வீங்கிவிடும்.

பிறகு செயலி

கூகுள் லென்ஸ் உங்கள் படத்தைப் போன்ற படங்களை இணையத்தில் தேடித் தருகிறது. அந்தப் படத்துக்குக் கீழே யார் என்ன பெயர் எழுதியிருக்கிறார்களோ அதுதான் உங்களுக்கும் வரும். நான் வாங்கிய மீனை மீன் வியாபாரிகள் பலரும் ‘நன்னீர் வாவல்’ என்றுதான் விற்கிறார்கள். லென்ஸ் கடைக்காரர் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் லென்ஸோடு நிற்காமல், உயிரினங்களை அடையாளம் காட்டும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலும் போட்டுப் பாருங்கள். கணக்குத் திறக்கச் சோம்பலாக இருந்தால் அவர்களுடைய சீக் செயலி இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சீக் இனத்தின் பெயரைச் சொல்லாமல் குடும்பத்தோடோ பேரினத்தோடோ நின்றுகொள்ளும். அது எனக்குப் பிடித்திருக்கிறது, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில்லை.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உக்கடம் மார்க்கெட்டில் வாங்கும் சங்கராவும் மத்தியும் கடலிலிருந்து லாரி ஏறி வந்தவை. இடம் கோயம்புத்தூர் என்று போட்டால், இந்தப் பக்கம் வாழும் மீன்களைத்தான் செயலி முன்னால் தள்ளும். கடை மீனுக்கு ‘அருகில் காணக்கூடியவை’ என்ற வடிகட்டியை எடுத்துவிடுங்கள். நீங்களே அணையிலோ வாய்க்காலிலோ தூண்டில் போட்டுப் பிடித்த மீன் என்றால் அதே வடிகட்டி நல்ல துணை.

சாட்ஜிபிடி, ஜெமினியிடம் கேட்கும் விதம்

"இது வாவல்தானே?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் ஆமாம் போட்டுவிடும். நான் இப்படித்தான் கேட்கிறேன்:

"படத்தில் தெரியும் வாய், மீசை, துடுப்புகள், வால் ஆகியவற்றை முதலில் விவரி. பிறகு மூன்று இனங்களை அறிவியல் பெயரோடு சொல். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க நான் மீனில் எதைப் பார்க்க வேண்டும்?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். அறிவியல் பெயரும் கட்டாயம் வேண்டும். கெண்டை என்ற ஒரு சொல்லுக்குள் நம் ஊரில் எத்தனை மீன் அடங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக உங்கள் கண்

கிடைத்த அறிவியல் பெயரை ஃபிஷ்பேஸ் என்ற மீன் தகவல் தளத்தில் தேடி, அங்குள்ள படத்தையும் விவரத்தையும் தட்டில் இருக்கும் மீனோடு ஒப்பிடுங்கள். என் மீனுக்கு வந்த பெயர் பியராக்டஸ் பிராக்கிபோமஸ். மார்க்கெட்டில் ரூப்சந்த் என்பார்களே, அதுதான். தென் அமெரிக்க ஆற்று மீன்.

சரிபார்க்க இரண்டே இடம் போதும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் முள் இல்லாத, சதைத் துணுக்கு மாதிரி ஒரு குட்டித் துடுப்பு இருக்கிறதா? இருந்தால் ரூப்சந்த், வாவலுக்கு அது கிடையாது. வயிற்றுக்கு அடியில் ஒரு ஜோடித் துடுப்பு இருக்கிறதா? வளர்ந்த வாவலில் அதுவும் இருக்காது. என் மீனில் இரண்டும் இருந்தன. பல்லை அமுச்சி முதலிலேயே பார்த்துவிட்டார்.

அணை மீன்களில் செயலிகள் அடிக்கடி தடுமாறுவது கட்லா, ரோகு, மிருகாலில். குட்டியாக இருந்தால் இன்னும் மோசம். கட்லாவுக்குத் தலை பெரிது, கீழ்த்தாடை மேல்நோக்கி ஏறியிருக்கும். ரோகுவின் உதடு ஜாலர் வைத்தது போலச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். மிருகாலுக்கு மூக்கு மழுங்கி, உடம்பு கொஞ்சம் ஒல்லி. ஜிலேபி மீனில் (திலாப்பியா) வாலைப் பாருங்கள். வால் துடுப்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் வரிசையாக இருந்தால் நைல் ஜிலேபியாக இருக்க வாய்ப்பு அதிகம். 1952-ல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் ஜிலேபியில் அந்தக் கோடுகள் தெளிவாக இருக்காது. இரண்டும் கலந்த கலப்பினமும் உண்டு, அதற்குப் படத்தை மட்டும் நம்ப முடியாது.

இத்தனைக்குப் பிறகும் குழப்பமாக இருந்தால் ஐநேச்சுரலிஸ்டில் மூன்று படங்களையும் ஏற்றிவிடுங்கள், மீன் தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஏற்றும்போது இடம் என்ற கட்டத்தில் மீன் பிடிபட்ட இடத்தைப் போட வேண்டும், கடை இருக்கும் தெருவை அல்ல. பண்ணையில் வளர்த்தது என்றால் ‘வளர்ப்பு’ என்று குறிக்க மறக்காதீர்கள்.