பானை செய்யும் ஜூலு பாட்டியை உங்கள் கலைக்கூடத்தில் தங்க அழைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய கராஜில் நாங்கள் சிலர் சேர்ந்து கலைக்கூடம் நடத்துகிறோம். போன குளிர்காலத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு ஜூலு மண்பாண்டக் கலைஞர் வந்து மூன்று வாரம் தங்கினார். கோகோ என்றுதான் கூப்பிட்டோம். குடிக்கிற கோகோ இல்லை, ஜூலுவில் பாட்டிக்கு அதுதான் சொல். அவர் போன பிறகு, "நாங்களும் ஒருவரை அழைக்கலாமென்று இருக்கிறோம், எங்கே தொடங்குவது?" என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன், நாங்கள் சொதப்பியதையும் சேர்த்து.

1. நேரில் போய் அழையுங்கள்

கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இங்கும் அதே கணக்குதான். துகேலா பள்ளத்தாக்கில் இருக்கும் அவர் வீட்டுக்கு, ஜூலு சரளமாகப் பேசும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனோம். நம் நீ, நீங்கள் போல அங்கும் உண்டு: வணக்கம் சொல்ல ஒருவருக்கு 'சாவுபோனா', பலருக்கு 'சானிபோனானி'. பெரியவர் தனியாக இருந்தாலும் பன்மையில் சொல்வதுதான் மரியாதை. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையால்.

அன்றே பதில் கேட்காதீர்கள். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. வருகிறேன், பேத்தியும் வருவாள் என்று சொல்லி அனுப்பினார். ஆக, படுக்கை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் இரண்டு பேருக்கு.

2. பணத்தைப் பேசி எழுதி வையுங்கள்

நமக்குப் பணம் பேசக் கூச்சம். 'ஏதோ பார்த்துச் செய்கிறோம்' என்று இழுப்போம். அதைச் செய்யாதீர்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுப்பீர்கள், செய்த பானைகள் யாருக்கு (அவருக்குத்தான்), படம் எடுத்துப் போடலாமா, அவர் குடும்பத்து வடிவங்களை மாணவர்கள் செய்து விற்கலாமா, எல்லாவற்றையும் ஜூலுவில் எழுதி வாசித்துக் காட்டுங்கள். பூர்வகுடி அறிவைப் பாதுகாக்க இந்த நாட்டில் 2019-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. தொகை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அதே துகேலா பக்கத்து மண்பாண்டக் கலைஞர் நெஸ்டா நாலாவின் பானைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கடற்கரைக் கடை விலையில் பேரம் பேசினால் உங்களுக்குத்தான் அசிங்கம்.

3. மண்ணை அவர் தேர்ந்தெடுக்கட்டும்

கடையில் வாங்கிய வழவழப்பான களிமண் நாலு மூட்டை வாங்கி அடுக்கியிருந்தோம். கோகோ ஒரு துண்டைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது நெருப்பு தாங்காது" என்று பேத்தியிடம் சொன்னார். திறந்த நெருப்பில் சூடு ஒரேயடியாக ஏறும். மண்ணில் கொஞ்சம் கரகரப்பு இல்லையென்றால் பானை வெடித்துவிடும். நல்லவேளை, தன் ஊர் மண்ணையும் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

மேசை, சக்கரம் எதுவும் தேவைப்படவில்லை. தரையில் பாய், ஒரு வாளித் தண்ணீர், தேய்க்க ஒரு கூழாங்கல். கழிப்பறை பக்கத்தில் இருக்கட்டும், படியேற வைக்காதீர்கள்.

4. வரவேற்பைச் சுருக்குங்கள்

பெரிய தப்பு இங்கேதான் செய்தோம். குத்துவிளக்கு, பொன்னாடை, மாலை, ஆறு பேர் பேச்சு. நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டோம். அந்த மரியாதை யாருக்கு என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான். தேநீர் கொடுங்கள், படுக்கையைக் காட்டுங்கள். அப்புறம், வேலை தொடங்குமுன் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். முன்னோரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குபவர்களும் உண்டு, தேவாலயத்துக்குப் போகிறவர்களும் உண்டு, இரண்டையும் செய்கிறவர்களும் உண்டு. நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

5. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

பாடத்திட்டம் போட்டால் வீண். கோகோ பேசிக் கற்றுக்கொடுக்கவில்லை. மண்ணைக் கயிறுபோலத் திரித்து, வட்டமாக அடுக்கி, பெருவிரலால் இழுத்து இணைத்தார். வயிற்றுப் பகுதியில் சிறு புடைப்புகள் வைத்தார். அதற்கு அமாசும்பா என்று பெயர். இந்த உகாம்பா சோளத்தில் காய்ச்சும் பீருக்கான பானை, முன்னோருக்கும் அதில்தான் படைப்பார்கள் என்று பேத்தி சொன்னாள். உடனே ஒரு சின்னப் பையன், "ஓ, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுற மாதிரி!" என்றான். நான் தயார் செய்து வைத்திருந்த அரை மணி நேர உரை அத்தோடு முடிந்தது.

6. சுடும் நாளை அவர் சொல்லட்டும்

சனிக்கிழமை ஆட்கள் வருவார்களே என்று நாங்கள் அவசரப்படுத்தினோம். ஈரம் முழுக்கப் போகாத இரண்டு பானைகள் நெருப்புக்குள் டப் டப்பென்று வெடித்தன. கோகோ எங்களைத் திட்டவில்லை, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். வெளியில் தீ மூட்ட மாநகராட்சி அனுமதி வேண்டுமா என்று விசாரியுங்கள், துணி காயப்போட்டிருக்கும் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு முறை சுட்டபின் புல்லைப் போட்டுப் புகையவிட்டு இரண்டாம் முறை சுடும்போதுதான் அந்தக் கருப்பு ஏறும். கடைசியில் கொழுப்புத் தடவித் தேய்த்தால் பளபளக்கும்.

7. வழியனுப்புதல்

மீதிப் பணத்தைக் கிளம்பும் முந்தின நாளே கையில் கொடுங்கள். பஸ்ஸில் பானை உடையும், ஆகவே காரில் கொண்டுபோய் வீட்டில் விடுங்கள். மிஞ்சிய மண்ணையும் மறக்காமல் மூட்டை கட்டுங்கள். காய்ந்திருந்தாலும் இடித்து நனைத்தால் அவருக்கு மறுபடி ஆகும்.