நகை இன்சூரன்ஸ்: பில் விலையை நம்பி நான் ஏமாந்த கணக்கு

போன ஆடியில் சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்கோடி வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள். மறுநாள் காலையே வீட்டில் கேள்வி: "நம்ம நகைக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" இல்லை. எடுக்கப் போய், இரண்டு தடவை சொதப்பி, மூன்றாவது தடவை ஒழுங்காக வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எடை. சமையலறைத் தராசு உதவாது. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு நகையையும் தராசில் வைத்தபடியே போட்டோ எடுங்கள். ஹால்மார்க் எண்ணைக் கண்ணால் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போன் கேமராவைப் பெரிதாக்கினால் வளையலின் உள்பக்கம், செயின் கொக்கி பக்கம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு கிடைக்கும். ஹால்மார்க் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் "பிஐஎஸ் கேர்" செயலியில் அதைப் போட்டுப் பாருங்கள். 2021-க்கு முந்தைய நகையில் அது இருக்காது, பயப்பட வேண்டாம்.

அடுத்தது மதிப்பு. நான் விழுந்த பள்ளம் இதுதான். 2016 கல்யாண பில்லில் இருந்த தொகையை அப்படியே எழுதிக்கொடுத்தேன். அப்போது கிராம் மூவாயிரத்துக்கும் கீழே. இன்றைக்கு அந்தத் தொகைக்குப் பாதி நகைகூட வராது. சரி என்று, பழைய அடகுச் சீட்டில் இருந்த மதிப்பைக் கொடுத்தேன். அதுவும் தப்பு. அடகில் கல்லையும் அரக்கையும் கழித்துத் தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுவார்கள்.

கணக்குப் போட்டால் புரியும். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கல் நீக்கி 40 கிராம், அதாவது 5 பவுன் ஆரம். சேதாரம் 15 சதவீதம் என்றால் 6 கிராம்; ஆக 46 கிராமுக்கு 4,60,000. கல்லுக்கு 6,000. ஜிஎஸ்டி 3 சதவீதம், 13,980. கடையில் நீங்கள் கொடுப்பது 4,79,980. அதையே மறுநாள் விற்கப் போனால் பேச்சு 4,00,000-த்தில்தான் தொடங்கும். திருடு போனால் திரும்ப வாங்க வேண்டியது முதல் தொகைக்கு. எனவே இன்சூரன்ஸுக்கு வேண்டியது "இன்றைக்கு இதே நகையைச் செய்ய என்ன ஆகும்" என்ற மதிப்பு.

அதற்கு அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் போங்கள். நகைக்கு இவ்வளவு என்று கூலி கேட்பவர் என் தேர்வு. மதிப்பில் சதவீதம் கேட்பவரிடம் நான் போகமாட்டேன். சான்றிதழில் மொத்த எடை, நிகர எடை, காரட், கல், தேதி, "இன்சூரன்ஸுக்காக" என்ற வார்த்தை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். எங்கள் அத்தையின் கெம்பு அட்டிகை தராசில் 42 கிராம் காட்டியது; மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்து 31 என்று எழுதினார். அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை.

பாலிசி எடுக்கும்போது இரண்டு கேள்வி, எழுத்தில் பதில். ஒன்று, செய்கூலி, சேதாரம் சேருமா? பல பாலிசிகள் தங்கத்தின் மதிப்போடு நின்றுவிடும். சேராது என்றால் அதற்கும் சேர்த்து பிரீமியம் கட்டுவது வீண். இரண்டு, குறைத்துக் காட்டியிருந்தால் என்ன ஆகும்? பத்து லட்ச நகைக்கு நாலு லட்சம் மட்டும் காட்டி, இரண்டு லட்ச நகை தொலைந்தால் காட்டிய விகிதத்தில், அதாவது நாற்பது சதவீதம் மட்டும் தரும் பாலிசியில் கையில் வருவது 80,000. "நாலு லட்சம் வரைக்கும் கிடைக்கும்" என்று நினைத்திருந்தேன், கிடைக்காது.

தங்கம் ஏற ஏற இந்த இடைவெளி கூடும். ஆகவே வருஷா வருஷம் புதுப்பிக்கும்போது தொகையையும் திருத்துங்கள்.

பின்சேர்க்கை: "லாக்கரில்தானே இருக்கு, எதுக்கு?" என்று காட்பாடி நண்பர் கேட்டார். லாக்கரில் திருட்டு, தீ விபத்து, ஊழியர் மோசடி நடந்தால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் மூன்று லட்சம். உள்ளே எத்தனை பவுன் இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பில்லே இல்லாத பாட்டி காலத்து நகைக்குச் சான்றிதழோடு, அதைப் போட்டிருக்கும் கல்யாண போட்டோவையும் ஃபைலில் வைத்திருக்கிறேன். அத்தை கழுத்தில் அந்த அட்டிகை தெளிவாகத் தெரிகிறது.