படகு எஞ்சினுக்கு எந்தப் பெட்ரோல்?

பவானிசாகர், மேட்டூர் பக்கம் மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் முதலில் எஞ்சின் கையேட்டைப் புரட்டுங்கள். படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்கள் பலவற்றுக்கு 10 சதவீத எத்தனால்தான் எல்லை. பங்க்கில் கிடைப்பதோ பெரும்பாலும் 20 சதவீதம் கலந்த இ20. ஆக்டேன் (எஞ்சின் தட்டாமல் பெட்ரோல் எரியும் திறனைக் காட்டும் எண்) கூடினால் எத்தனால் குறையும் என்று எண்ணாதீர்கள், அது வேறு கணக்கு.

சந்தேகமா? அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள் (திறந்தவெளியில், பீடியெல்லாம் அப்புறம்). பெட்ரோலில் உள்ள எத்தனால் நீரோடு சேர்ந்துவிடும்; அடியில் தங்கும் நீர் 10 மில்லியிலேயே நின்றால் எத்தனால் இல்லை. 28-ஐ நெருங்கினால் இ20தான். சோதித்த பெட்ரோலை டேங்கில் ஊற்ற வேண்டாம்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். படகு வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் என்றால், எஞ்சின் நீரில் இருக்கும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிடுங்கள்.