பவர் வராத பிரிண்டர்: போர்டு வாங்குவதற்கு முன்

சேலத்தில் பிரிண்டர் சர்வீஸுக்குப் புதிதாக வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் செய்த தவறுகள் ஒன்றுகூடக் குறையாமல் மறுபிறவி எடுத்திருக்கின்றன. பிளக்கைச் செருகினாயா, சுவிட்சைப் போட்டாயா என்ற பாடம் இங்கே வேண்டாம். அதையெல்லாம் கடைக்காரரே பார்த்துவிட்டுத்தான் வண்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்.

கைக்குக் கிடைத்த அடாப்டர்

செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் பில் பிரிண்டர், தராசு, இன்டர்நெட் பெட்டி எல்லாம் ஒரே மேசையில் இருக்கும்; அடாப்டர்கள் அடியில் பின்னிக் கிடக்கும். பில் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 24 வோல்ட் வேண்டும். பக்கத்தில் கிடப்பது 12. முனை பொருந்திவிட்டால் அடாப்டரும் பொருந்தியதாக ஆகாது. வோல்ட்டும், பிளஸ் மைனஸ் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது.

மேசை யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டர்

வேண்டாம். தாளில் பொடி மையைச் சூட்டால் ஒட்டவைக்கும் ஃபியூசர் சூடாகும் நொடியில் அணைவது யுபிஎஸ், பழி பிரிண்டருக்கு.

ஹெட்டைப் பார்க்காமல் போர்டை மாற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. இங்க் டேங்க் பிரிண்டரில் விளக்கே எரியவில்லை. பார்க்கப் போன தம்பி புது மெயின் போர்டு வாங்கி மாட்டினார். விளக்கு எரியவில்லை. “போர்டே பழுதாக வந்திருக்கிறது அண்ணா” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இன்னொன்று வாங்கினார். அதுவும் போயிற்று.

பிரிண்டர் என் மேசைக்கு வந்ததும் முதலில், தாளில் இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டின் பட்டைக் கேபிளைத்தான் உருவினேன். வெள்ளி நிறக் கோடுகளுக்கு நடுவே நீல இங்க் காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் இரண்டு கோடுகள் கருகியிருந்தன. “கடைசியாக என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன். “கலர் சரியாக விழவில்லை என்று ஹெட்டைக் கழற்றிக் கழுவினோம்” என்றார் கடைக்காரர். இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு போர்டுக்கான பணம் மிஞ்சியிருக்கும்.

நடப்பது இதுதான். இந்த வகைப் பிரிண்டர்கள் சிலவற்றில் ஹெட்டை இயக்க 42 வோல்ட் வரை போகிறது. கேபிள் முனையில் ஈரமோ இங்க்கோ இருந்தால், கேபிள் சற்றே சாய்ந்து நுழைந்தாலும்கூட, ஷார்ட் ஆகிவிடும். போர்டில் ஹெட்டை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். ஷார்ட்டைக் கண்ட பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். வெளியே தெரிவது ‘பவர் வரவில்லை’ என்பது மட்டும். ஹெட்டும் ஷார்ட் ஆகியிருந்தால், அதோடு சேர்க்கும் ஒவ்வொரு புது போர்டையும் அது காவு வாங்கும்.

ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையைப் போர்டிலிருந்து பிரித்து, மீண்டும் பிளக்கைச் செருகி அதன் வோல்ட்டைத் தனியாக அளக்க வேண்டும். சரியாக வந்தால் கோளாறு போர்டின் பக்கம். அடுத்து பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளையைப் போர்டில் திரும்ப மாட்டி, ஹெட் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து ‘எரர்’ காட்டினால் மகிழ்ச்சி; குற்றவாளி ஹெட் அல்லது கேபிள். எரியாவிட்டால் போர்டும் போயிருக்கலாம். அப்போதும் ஹெட்டைச் சோதிக்காமல் புது போர்டை மாட்டக் கூடாது. சந்தேகமான ஹெட்டை இன்னொரு வாடிக்கையாளரின் நல்ல பிரிண்டரில் மாட்டிச் சோதிக்கும் மகான்களும் ஊரில் உண்டு. அம்மை போட்டவனைப் பந்தியில் உட்கார வைப்பதுபோல.

ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

கூடவே கூடாது.

பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டர்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து காட்டும் வித்தையும் வேண்டாம்.

இடி விழுந்த பிறகு எம்ஓவியை வெட்டி எறிவது

கோடை மழை தொடங்கினால் ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகங்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் பிரிண்டர்கள் இறங்கி வரும். பவர் போர்டில் ஃபியூஸ் போயிருக்கும். அருகில் பொத்தான் போன்ற எம்ஓவி வெடித்திருக்கும். மிகை வோல்ட்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ஃபியூஸைப் போக வைப்பதே அதன் வேலை. வெடித்ததை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றினாலும் பிரிண்டர் ஓடும். அடுத்த இடிக்கு மொத்த போர்டும் போகும். அதே மதிப்புள்ள புது எம்ஓவியை வைத்த பிறகே மூட வேண்டும். அதன் விலை மலையேறி இறங்கும் பெட்ரோலுக்குக்கூடக் காணாது. லேன் கேபிள் வழியாகவும் இடி நுழையும் என்பதால், மழை இருட்டும்போது அதையும் சேர்த்துக் கழற்றச் சொல்லி அனுப்புங்கள்.